பட்டாம்பூச்சியா? விட்டில் பூச்சியா?



தோட்டத்தில் ஒரு பூச்சி பறந்தால் "ஐ, பட்டாம்பூச்சி!" என்று ஒருத்தர் கத்துவார். "போடி, அது விட்டில்" என்று இன்னொருத்தர் சொல்வார். யார் சொல்வது சரி என்று எப்படி முடிவு செய்வது? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இது வெறும் வினாடி வினாவுக்கான கேள்வி இல்லை. நம் பள்ளி மதில் ஓரத்து அரளிச் செடிகளுக்கு மருந்து அடிப்பதா வேண்டாமா என்ற பேச்சே இந்தக் கேள்வியில் வந்துதான் நின்றது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பெயர். பட்டாம்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இரண்டும் ஒன்றுதான். புத்தகத்தில் அந்துப்பூச்சி என்று ஒன்று போட்டிருக்கும். அரிசிப் பானையைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் குட்டியாகப் பறக்குமே, அந்த அந்துவும், ராத்திரி டியூப் லைட்டைச் சுற்றும் விட்டில்களும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. எங்க ஆயா குட்டியா இருந்தா அந்து, பெருசா இருந்தா விட்டில்னு சொல்லும். நானும் இந்தக் கட்டுரையில் விட்டில் என்றே எழுதுகிறேன். உலகத்தில் பட்டாம்பூச்சியில் ஏறக்குறைய 18,000 வகை இருக்கிறது. விட்டிலில் ஏறக்குறைய 1,60,000 வகை! நாம் பகலில் விழித்திருப்பதால் சின்னக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

இரண்டும் லெபிடாப்டிரா என்ற ஒரே வரிசையில் வரும். அது கிரேக்கச் சொல். செதில் இறகு என்று பொருள். பட்டாம்பூச்சியைப் பிடித்தால் விரலில் மாவு மாதிரி ஒட்டுகிறதே, அது மாவு இல்லை. வீட்டுக் கூரையில் ஓடு அடுக்கினது போல இறக்கையில் அடுக்கியிருக்கும் நுண்ணிய செதில்கள். நிறம், கோலம் எல்லாம் அந்தச் செதிலில்தான் இருக்கிறது. உதிர்ந்தால் மறுபடி முளைக்காது. அந்தத் தூள் கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று சொல்வார்கள். கண்ணுக்கு உறுத்தல் வரலாமே தவிர குருடாகாது. நாம் பிடிப்பதால் நஷ்டம் பூச்சிக்குத்தான்.

இப்போது அடையாளத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு அடையாளம்தான் பார்க்க முடியும் என்றால் உணர்கொம்பைப் பாருங்கள். தலையில் இரண்டு மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதுதான் அது. பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு தீக்குச்சி மாதிரி. மெல்லிய குச்சி, நுனியில் மட்டும் மருந்து வைத்த இடம் போலக் குமிழ் இருக்கும். விட்டிலுக்கு அந்தக் குமிழ் கிடையாது. சில விட்டிலுக்கு ஈர்க்குச்சி மாதிரி நுனி வரை சிறுத்துக்கொண்டே போகும். சிலதுக்கு இரண்டு பக்கமும் பல் வைத்த சீப்பு மாதிரி, கோழி இறகு மாதிரி இருக்கும். இறகு மாதிரி பெரிதாக இருந்தால் அநேகமாக அது ஆண். இருட்டில் வெகு தூரத்தில் இருக்கும் பெண் பூச்சியின் வாசனையை அதை வைத்துத்தான் பிடிக்கிறது. பார்க்கப் போகும்போது நம் நிழல் பூச்சி மேல் விழக் கூடாது. விழுந்தால் உடனே பறந்துவிடும்.

மற்ற அடையாளங்களும் உண்டு. பட்டாம்பூச்சி ஓய்வெடுக்கும்போது இரண்டு கை கூப்பின மாதிரி இறக்கையை முதுகுக்கு மேல் சேர்த்து வைக்கும். விட்டில் கூரை போலச் சாய்த்தோ பாய் விரித்தது போலப் படுக்க வைத்தோ உட்காரும். பட்டாம்பூச்சி உடம்பு ஒல்லி, விட்டில் உடம்பு குண்டு, மயிர் அடர்த்தி. ஒன்று பகலில் பறக்கும், இன்னொன்று இரவில். அப்புறம், பெரும்பாலான விட்டில்களின் பின் இறக்கையிலிருந்து ஒரு நரம்பு மாதிரி முள் நீண்டு முன் இறக்கையில் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். பறக்கும்போது இரண்டு இறக்கையும் ஒன்றாக அடிக்க இது உதவுகிறது. செத்துக் கிடக்கும் பூச்சி கிடைத்தால் லென்ஸ் வைத்துத் தேடிப் பாருங்கள்.

இதை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு தோட்டத்துக்குப் போனால் குழப்பம்தான் வரும். ஏனென்றால் உணர்கொம்பு தவிர மற்றது எல்லாவற்றுக்கும் நம் ஊரிலேயே விதிவிலக்கு பறக்கிறது. இட்லிப்பூச் செடியில் பட்டப்பகலில் ஒரு பூச்சி உட்காராமல் அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும், பார்த்திருக்கிறீர்களா? இறக்கை கண்ணாடி மாதிரி இருக்கும். தேன்சிட்டுக் குஞ்சு என்று சிலர் சொல்கிறார்கள். அது பகலில் பறக்கிற விட்டில்! கூட்டிலிருந்து வந்ததும் இறக்கையில் செதில் இருக்கும். பறக்க ஆரம்பித்ததும் கொட்டிவிடும். அதனாலதான் கண்ணாடி. புல் நுனியில் கறுப்பு இறக்கையில் சின்னச் சின்ன ஜன்னல் வைத்த மாதிரி, வயிற்றில் மஞ்சள் பட்டையோடு, குளவி வேஷத்தில் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுவும் விட்டில். பகலில்தான் திரியும். கொட்டாது.

இதற்கு நேர் எதிராக, அந்தி சாய்ந்த பிறகு பழுப்பு நிறத்தில் வாசல் விளக்குக்கு வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஈவ்னிங் பிரவுன் என்பார்கள். காய்ந்த சருகு மாதிரியே இருக்கும். எல்லோரும் விட்டில் என்றுதான் சொல்வார்கள். உணர்கொம்பைப் பார்த்தால் பட்டாம்பூச்சி. அதன் புழு நெல் இலையும் புல்லும் தின்கிறது. அப்புறம் ஸ்கிப்பர் என்று ஒரு கூட்டம். குண்டு உடம்பு, மங்கல் நிறம், துள்ளித் துள்ளிப் பறக்கும். உணர்கொம்பு நுனி தூண்டில் முள் போல வளைந்திருக்கும். அவையும் பட்டாம்பூச்சிகளே.

"இயற்கை ஏன் இப்படிக் குழப்புது டீச்சர்?" என்று எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். "குழப்பறது இயற்கை இல்லம்மா, நாமதான் ஒரே குடும்பத்துக்கு ரெண்டு பேர் வச்சிட்டோம்" என்றார்கள். 2023-ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி வகைகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு ஆராய்ச்சி முடிவு வெளியிட்டார்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அமெரிக்கக் கண்டங்களின் பக்கம் இரவில் பறந்த விட்டில்களிலிருந்து ஒரு கிளை பகலுக்கு வந்தது, அந்தக் கிளைதான் பட்டாம்பூச்சிகள் என்று அதில் தெரிந்தது. அதாவது விட்டில் பெரிய குடும்பம். அதில் வெயிலுக்கு வந்த பெண்பிள்ளை பட்டாம்பூச்சி. அந்தக் குடும்பத்தில் வேறு சிலரும் தனித்தனியாகப் பகலுக்கு வந்தார்கள். அவர்கள்தான் மேலே சொன்ன கண்ணாடி இறக்கைக்காரரும் குளவி வேஷக்காரரும். இது தெரிந்த பிறகு விதிவிலக்கு எல்லாம் எனக்கு உறவுக்காரர் ஜாடை மாதிரி ஆகிவிட்டது.

இப்போது அரளி விஷயம். ஆண்டு விழா வரப் போகிறது, மதில் ஓரத்து அரளி எல்லாம் மொட்டையாக நிற்கிறது, கிட்டப் போனால் விரல் நீளப் புழு, அதனால் சனிக்கிழமை ஆள் வைத்து மருந்து அடித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. புழு பச்சை நிறம். வாலில் ஒரு குட்டிக் கொம்பு. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது கழுத்துப் பக்கத்தில் இரண்டு நீலக் கண் பெரிதாக முறைக்கும். அது நிஜக் கண் இல்லை, தோலில் இருக்கும் கோலம். பறவையைப் பயமுறுத்த. பாம்புக்குட்டி என்று பயந்து எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டை மிதித்தே கொன்றுவிட்டார்கள்.

அப்போது ஒரு அண்ணன் சொன்ன வார்த்தைதான் என்னை யோசிக்க வைத்தது. "பட்டாம்பூச்சிப் புழுன்னா விட்டுடலாம், பாவம். விட்டில் புழுன்னா அடிச்சுடலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் போய்ப் பார்த்தது? அன்று மாலை நானும் என் தோழியும் டீச்சரும் ஒவ்வொரு செடியாகப் பார்த்தோம். ஒரே அரளியில் இரண்டு வித புழு இருந்தது. ஒன்று அந்தப் பச்சைப் புழு. இன்னொன்று பழுப்பும் வெள்ளையும் கறுப்புமாக வளையம் போட்டு, முதுகில் நான்கு ஜோடி கறுப்பு நூல் நீட்டிக்கொண்டு இருந்தது. அழகு என்று பார்த்தால் பச்சைக்குத்தான் ஓட்டு விழும். டீச்சர் தலைமை ஆசிரியரிடம் பேசி இரண்டு வாரம் தவணை வாங்கினார்கள்.

அட்டைப் பெட்டியில் அடியில் மண்ணும் சருகும் போட்டு, மேலே கொசுவலைத் துணி கட்டி, மூன்று பச்சைப் புழுவும் இரண்டு நூல் புழுவும் விட்டோம். தினமும் புது அரளி இலை வைத்தோம். (அரளிப் பால் விஷம். இலை பறித்தால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. புழுவுக்கு அந்த விஷம் ஒன்றும் செய்வதில்லை.) ஒரு பச்சைப் புழு மூன்றாம் நாளே செத்துவிட்டது. மற்ற இரண்டும் ஒரு நாள் திடீரென்று பழுப்பாக மாறி, சாப்பிடாமல் சுற்றிச் சுற்றி வந்து, சருகுக்கு அடியில் போய் நாலு நூல் இழுத்துக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆகிவிட்டன. நூல் புழுக்கள் கீழே போகவில்லை. மேலே ஏறி இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கின. மறுநாள் அங்கே ஒரு ஜிமிக்கி தொங்கியது! வெள்ளிப் பாத்திரம் விளக்கினது போலப் பளபளவென்று முகம் தெரிந்தது. மூடாமல் தொங்குவது பட்டாம்பூச்சி வழக்கம். மண்ணிலோ நூல் கூட்டிலோ ஒளிவது விட்டில் வழக்கம். இதற்கும் விதிவிலக்கு உண்டு என்று இப்போது நீங்களே சொல்வீர்கள்.

ஒன்பதாம் நாள் ஒரு ஜிமிக்கியிலிருந்து வெண்புள்ளிக் கருப்பன் வந்தது. கரும்பழுப்பு இறக்கை, ஓரத்தில் வெள்ளைப் புள்ளி. நம் தோட்டத்தில் தினமும் பார்க்கிற பட்டாம்பூச்சிதான். பறவைகள் இதைத் தின்ன யோசிக்கும். அதனால்தான் அவ்வளவு நிதானமாகப் பறக்கிறது. பச்சைப் புழுவின் கூட்டில் ஒன்றிலிருந்து பூச்சிக்குப் பதில் மயிர் முளைத்த ஈக்கள் வந்தன. அந்த ஈ, புழு உயிரோடு இருக்கும்போதே அதன் உடம்பைத் தன் குஞ்சுக்குச் சோறாக ஆக்கிவிடுகிறது. யாரும் மருந்து அடிக்காமலே புழு குறைவது இப்படித்தான்.

மிச்சம் இருந்த ஒன்று பதிமூன்றாம் நாள் காலையில் பெட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. உள்ளங்கை அகலம். பாசி படிந்த சலவைக் கல் மாதிரி பச்சையில் பல பச்சை, நடுவில் ரோஜா நிறம். ஜெட் விமானம் போல இறக்கையை விரித்து வைத்திருந்தது. வகுப்பில் பாதிக்கு மேல் "இது பட்டாம்பூச்சிதான், இவ்வளவு அழகா இருக்கே" என்று கை தூக்கினார்கள். உணர்கொம்பு தெரியவில்லை, பின்னால் மடித்து வைத்திருந்தது. பகல் முழுக்க அசையவே இல்லை. மாலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் நாலு பேரும் டீச்சரும் காத்திருந்தோம். இருட்டும் நேரத்தில் இறக்கையைக் குளிர் ஜுரம் வந்த மாதிரி உதற ஆரம்பித்தது. பறக்கிற தசையைச் சூடாக்கிக்கொள்வதற்காக அப்படிச் செய்கிறதாம். அப்போது உணர்கொம்பு முன்னால் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். தீக்குச்சி நுனி இல்லை. விட்டில்! அரளி ஹாக் மாத் என்பது அதன் பெயர். அடுத்த நிமிடம் மதிலைத் தாண்டிப் போய்விட்டது.

ஆக அண்ணன் சொன்ன கணக்குப்படி பார்த்தால், அழகானதைக் கொல்ல வேண்டும், கறுப்பை விட வேண்டும். மருந்துக்கு அந்தக் கணக்கும் தெரியாது. இரண்டையும் கொன்றிருக்கும், அந்த ஈயையும் சேர்த்து. தலைமை ஆசிரியர் வாயில் பக்கத்துச் செடிகளில் புழுவைக் கையால் எடுத்துப் பின்பக்கத்து அரளியில் விடச் சொன்னார். மொட்டையான கிளையில் இப்போது புதுத் துளிர் வந்திருக்கிறது, போய்ப் பாருங்கள்.

வீட்டில் இதைச் சொன்னேன். ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. "அரளியைத் தின்னா ஒனக்கென்ன போச்சு. நெல்லைத் தின்னா தெரியும்" என்று சொன்னது. ஆயா சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நெல்லில் குருத்துப் பூச்சி என்று மஞ்சள் விட்டில் ஒன்று உண்டு. பெண் பூச்சியின் முன் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். இலை நுனியில் முட்டை இட்டு மயிரால் மூடி வைக்கும். புழு தண்டுக்குள் போய்விட்டால் நடுக்குருத்து காயும். கதிர் வந்த பிறகு தாக்கினால் மணி இல்லாத வெண்கதிர்தான். போன நவரையில் எங்கள் கழனியில் ஒரு மூலை முழுக்க வெண்கதிர். அப்பா அதை அறுக்கவே இல்லை, மாட்டுக்குப் போட்டார். முட்டை இலை நுனியில் இருப்பதால்தான் நடவுக்கு முன் நாற்று நுனியைக் கிள்ளிவிடச் சொல்கிறார்கள். வேர்க்கடலையில் (ஆயாவுக்கு மல்லாட்டை) சிவப்புக் கம்பளிப்புழு. மழை பெய்ததும் மண்ணுக்குள் தூங்கின விட்டில்கள் கூட்டமாகக் கிளம்பும். அதற்குத்தான் விளக்குப் பொறி. முருங்கைக் கம்பளிப்பூச்சியை எல்லோருக்கும் தெரியும், அதுவும் விட்டில் புழுதான். நம் கடற்கரைச் சவுக்கு மரத்தில் பட்டையைத் தின்னும் புழுவும் அப்படியே.

ஆனால் பட்டாம்பூச்சி மட்டும் என்ன? எலுமிச்சை அழகியின் புழு ஒரு எலுமிச்சைக் கன்றையே மொட்டை அடித்துவிடும். அதன் பெயரில் மட்டும் அழகி! எதிரியா இல்லையா என்பது எந்தப் புழு எந்தச் செடியைத் தின்கிறது என்பதில்தான் இருக்கிறது. விட்டிலா பட்டாம்பூச்சியா என்பதில் இல்லை. இதைச் சொன்னதற்கு ஆயா, "அப்ப தெனம் கழனிக்குப் போய்ப் பாரு" என்றது. போகிறேன்.

இன்னொரு வேடிக்கை. பட்டாம்பூச்சி என்ற பெயரில் பட்டு இருக்கிறது. ஆனால் பட்டு தருவது பட்டாம்பூச்சி இல்லை, விட்டில்! பக்கத்து மாவட்டத்துக் காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் நூல், மல்பெரி இலை தின்னும் புழு கட்டிய கூட்டிலிருந்து வருகிறது. ஒரு கூட்டில் சுமார் ஆயிரம் மீட்டர் நீள ஒரே இழை. இழை அறாமல் எடுக்க வேண்டும் என்பதால் பூச்சி வெளியே வரும் முன்பே கூட்டை வேக வைத்துவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர்கள் வளர்த்ததால் அந்த விட்டிலுக்கு இப்போது பறக்கவே தெரியாது.

விட்டில் ஏன் விளக்குக்கு வருகிறது? நிலா என்று நினைத்து ஏமாறுகிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்திய விஞ்ஞானி யஷ் சோந்தியும் அவரோடு சேர்ந்தவர்களும் வேகமான கேமராவில் படம் எடுத்துப் பார்த்து 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். பறக்கும் பூச்சி பெரும்பாலும் வெளிச்சம் இருக்கிற பக்கம் முதுகைத் திருப்புகிறது. இரவிலும் தரையைவிட வானம்தான் வெளிச்சம் என்பதால், முதுகு வானத்துக்கு, வயிறு தரைக்கு என்று நேராகப் பறக்க அது உதவுகிறது. குண்டு பல்பு குறுக்கே வந்தால் அதற்கு முதுகைக் காட்டிக் காட்டியே சுற்றிக்கொண்டு நிற்கிறது. ஆசையால் விளக்கில் விழவில்லை, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் மாட்டிக்கொள்கிறது. மாமல்லபுரம் பக்கம் கடற்கரை விளக்குகளைப் பார்த்து ஆமைக் குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் ரோட்டுப் பக்கம் வருவதும் இது மாதிரி ஒரு தடுமாற்றம்தான். இரவில் தேவை இல்லாத விளக்கை அணைத்தால் இரண்டுக்கும் நல்லது, கரண்ட் பில்லுக்கும் நல்லது.

நீங்களும் செய்து பார்க்கலாம். அமாவாசையை ஒட்டிய ராத்திரியில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டு, பின்னால் ஒரு விளக்கு வையுங்கள். ஒரு மணி நேரத்தில் வருவதை எல்லாம் வரைந்துகொண்டு விளக்கை அணைத்துவிடுங்கள். ராத்திரியில் மலரும் வெள்ளைப் பூக்களுக்குப் பக்கத்திலும் உட்கார்ந்து பாருங்கள். வெள்ளை நிறமும் வாசனையும் நீளக் குழாயும் விட்டிலுக்காகத்தான். பப்பாளிப் பூவின் மகரந்தத்தைச் சுமப்பதிலும் ஹாக் மாத்களுக்குப் பங்கு உண்டு. மயிர் உள்ள புழு எதையும் வெறும் கையால் தொடாதீர்கள்.

பின்பக்கத்து மூன்று அரளிகளில் நீல ரிப்பன் கட்டியிருக்கிறோம். இன்னொரு ஜிமிக்கி அங்கே தொங்குகிறது. பெட்டியில் வளர்ந்ததுதான், இலையோடு கொண்டுபோய்க் கட்டினோம், இன்னும் திறக்கவில்லை. பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு மாட்டியிருக்கிறது. தேதி, நேரம், பார்த்த பூச்சி, உணர்கொம்பு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். உணர்கொம்பு பார்க்காமல் பெயர் எழுதினால் டீச்சர் அடித்துவிடுவார்கள், பேனாவால்தான்.